இடது தோள்

சிவநேசனுக்குத் திடலில் 'லோரி', அதாவது லாரி, என்று பெயர். பந்தோடு ஓடி வருகிறவனை நின்றவாக்கில் நெஞ்சோடு நெஞ்சு மோதி, இரண்டு கைகளாலும் அள்ளிக் கட்டி, அப்படியே பின்னால் தள்ளிக்கொண்டு போய்ப் போடுவான். கோல சிலாங்கூர் கிளப் ஆட்டங்களில் அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் வரும். அவன் ஒருவனைத் தூக்கிப் போட்டால் கோட்டுக்கு வெளியே நிற்கும் கார்களெல்லாம் ஹாரன் அடிக்கும். ரக்பி ஆடுகிற தமிழ்ப் பையன்களே அரிது. அதிலும் ஆறடிக்கு மேல் உயரமாய், மோதினால் மூச்சை நிறுத்துகிற மாதிரி ஒருவன் என்றால் பெயர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்குமா?

அந்த லோரி ஆட்டம்தான் மலேசியத் தேசிய அணியின் பயிற்சி முகாமில் அவனுக்கு வினையாக வந்து நின்றது.

முகாம் புஞ்சாக் ஆலாமில் நடந்தது. வார நாட்களில் அங்கேயே ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் என்பதால், வேலை முடிந்ததும் நேராகத் திடலுக்குப் போய்விடுவான். ஒரு மாலை, மற்றவர்கள் காலணியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கோச் ஹஸ்னான் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் மலாயில்தான் பேசுவார். அதிகம் பேசவும் மாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"நேசன், நீ பிடிக்கிற பிடியெல்லாம் மேலேயே போகுது. ஊர் ஆட்டத்தில் நடுவர் கண்டுக்க மாட்டார். வெளிநாட்டில் விடமாட்டார்கள். கழுத்துப் பக்கம் கை போனாலே மஞ்சள் அட்டை. நீ போய் வெளியே உட்கார்ந்துக்குவே, மிச்சம் பதினாலு பேரும் உனக்கும் சேர்த்து ஓடணும்."

"சரி பண்ணிக்கிறேன், கோச்."

"போன மாசமும் இதைத்தான் சொன்னே. நீ ஃபிளாங்கர். ஆளை விழ வைக்கிறதுதான் உன் வேலை. கூட்டத்துக்கு வேடிக்கை காட்டுறது இல்லை. மாசக் கடைசியில் தேர்வு ஆட்டம் இருக்கு. அதில் இடுப்புக்குக் கீழே பிடிச்சுக் காட்டு. முடியலைன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்குறேன்." குனிந்து தன் தொடையைத் தட்டிக் காட்டினார். "ரெண்டா, நேசன். ரெண்டா." மலாயில் அதற்குத் தாழ என்று அர்த்தம்; தாழ, இன்னும் தாழ.

நேசன் தலையாட்டிவிட்டு வந்தான். அவர் நினைத்துக்கொண்டிருப்பது போல் அது பழக்கத்தில் வந்த பிழை அல்ல என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன்பு வரை அவனும் தாழத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். கிள்ளானில் ஓர் ஆட்டம். எதிரணிக்காரன் அவனுடைய இடப்பக்கமாக வெட்டி ஓடினான். நேசன் பாய்ந்தான். அவ்வளவுதான் ஞாபகம். அவனுடைய தலை ஓடுகிறவனின் முட்டிக்கு நேர் முன்னால் போய்விட்டது என்பதைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டான். கண் விழித்தபோது ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்மா திலகம் அவனுடைய ஒற்றைக் காலணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகன் அசைவில்லாமல் புல்லில் கிடந்ததைக் கோட்டோரத்தில் நின்று முழுதாகப் பார்த்தவள் அவள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று கேட்டாள். "ஆடாதன்னு சொல்ல மாட்டேன்டா. சொன்னாலும் நீ கேக்க மாட்ட. இனிமே எவன் காலுலயும் போயி விழ மாட்டேன்னு மட்டும் எனக்கு சொல்லு."

சொன்னான். அதற்குப் பிறகுதான் நின்றவாக்கில் மோத ஆரம்பித்தான். அம்மா, மகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். கிளப்பில், இவனுக்கு இப்போதுதான் ஆண்மை வந்திருக்கிறது என்றார்கள். உண்மை அவனுக்கு மட்டும்தான் தெரியும். குனிய வேண்டும் என்று மூளை சொல்லும், உடம்பு கேட்காது. கடைசி நொடியில் கை தானாக மேலே போய்விடும். பயம்தான். பெயர் மட்டும் லோரி.

வீடு அசாம் ஜாவாவுக்குப் பக்கத்தில், தோட்டத்து ஆட்களுக்கென்று கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. அம்மா, அண்ணன் சரண், அண்ணி பிரமிளா, அவர்களுடைய இரண்டு வயதுப் பிள்ளை, நேசன், அத்தனை பேரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். அன்றைக்கு அம்மா ஜெராமில் தான் வேலை செய்யும் மீன் சாப்பாட்டுக் கடையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. நேசன் சமையலறை மேசையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, தன் ஆட்டத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த பிரமிளா அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ போடுங்க தம்பி."

போட்டான்.

"எல்லாமே மேல இல்ல, கவனிச்சீங்களா? சோத்தாங்கை பக்கம் வர்றவன கொஞ்சம் கீழதான் புடிக்கிறீங்க. பீச்சாங்கை பக்கம் வந்தாத்தான் அப்பிடியே நிமுந்துக்குறீங்க."

நேசன் கைப்பேசியைக் கையில் எடுத்து மறுபடி பார்த்தான். அவள் சொன்னது சரிதான். இத்தனை வருடம் தன் ஆட்டத்தைத் தானே பார்த்தும் அவன் கண்ணில் படாத ஒன்று.

பிரமிளா கல்யாணத்துக்கு முன் சிலாங்கூர் மாநிலத்துக்குக் கபடி ஆடியவள். இடது மூலையில் நின்று, பாடி வருகிறவளின் கணுக்காலைக் கவ்வுவதில் பேர் வாங்கியவள். அந்தப் படத்தைப் பார்த்தவுடன் அவளுக்கு எது எங்கே பிசகுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவள் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டுச் சும்மா கேட்டாள்.

"அடிபட்டது எந்தப் பக்கம்?"

நேசன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். யாரிடமும் சொல்லாததை அந்த ஒரு கேள்வி வெளியே இழுத்துவிட்டது.

"பீச்சாங்கை பக்கம்தான் அண்ணி. எனக்கு பயமா இருக்கு. குனிஞ்சா மறுபடி அந்த முட்டி வந்துருமோன்னு..."

"பயமில்லாம எவ இருக்கா? நான் முத ஆட்டத்துல வாந்தியே எடுத்துருக்கேன்லா." சிரித்தாள். "நாளைக்கு சாயந்தரம் திடலுக்கு வாங்க. உங்க அண்ணன ஓட விடுவோம்."

சொல்லிவிட்டதிலேயே பாதி பாரம் இறங்கிவிட்டது போலிருந்தது. அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டான்.

தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால், செம்பனை மரங்களை ஒட்டி ஒரு திடல் இருந்தது. பிள்ளையையும் பழைய மெத்தை ஒன்றையும் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். ரவாங் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு வந்த சரண், தன்னை ஏன் இதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"புருஷன விழுத்தாட்டுறதுக்கு ஆள் புடிச்சிக் கொடுக்குற பொண்டாட்டிய எங்கியாவது பாத்துருக்கியாடா?"

"பேசாம ஓடுங்க," என்றாள் பிரமிளா.

முதலில் நேசனை மண்டியிடச் சொன்னாள். சரண் நடந்து வர வேண்டும். இடப்பக்கமாக வந்தால் இடது தோள், தலை ஓடுகிறவனின் முதுகுப் பக்கம். அதுவே போதும். இவ்வளவு நாளும் ஆள் எந்தப் பக்கம் வந்தாலும் நேசன் வலது தோளைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தான். அதனால்தான் கிள்ளானில் தலை முட்டிக்கு முன்னால் போனது. கேட்கும்போது மிகச் சுலபமாக இருந்தது. செய்தபோது இடது தோள் வேறு யாருடையதோ போலத் திணறியது.

"கண்ண மூடுறீங்க தம்பி."

"இல்லயே."

கைப்பேசியில் எடுத்திருந்ததை மெதுவாக ஓட்டிக் காட்டினாள். தோள் படுவதற்கு ஒரு கணம் முன்பு, அவனுடைய இரண்டு இமைகளும் இறுக மூடியிருந்தன. நேசனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மூடிக்கிட்டா தல எங்க போவுதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றவள் வீட்டுக்கு ஓடி, பிள்ளையின் வண்ணக் காகிதங்களையும் ஒட்டும் டேப்பையும் எடுத்துக்கொண்டு வந்தாள். சரணைத் திரும்பி நிற்க வைத்து அவனுடைய காற்சட்டையின் பக்கவாட்டில் ஒரு துண்டை ஒட்டினாள். நேசன் பார்க்காதபடிக்கு. "இப்ப அவரு ஓடி வருவாரு. மேல படுறதுக்கு முன்னாடி என்ன கலர்னு சத்தமா சொல்லணும். சொல்லாட்டி அது கணக்கில்ல."

சரண் ஓடி வந்தான். "சேப்பு!" என்று கத்திக்கொண்டே நேசன் விழுந்தான். இருவரும் மெத்தையில் உருண்டார்கள். நிறம் மஞ்சள்.

அதன் பிறகு பச்சை, நீலம், மறுபடி சிவப்பு. சரண் முதலில் நடந்தான், பிறகு ஓடினான், பிறகு ஏமாற்றி வெட்டி ஓடினான். நிறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணைத் திறந்துதான் ஆக வேண்டும். இடுப்பைத்தான் பார்த்தாக வேண்டும். முகத்தையும் முட்டியையும் நினைக்க நேரமே இல்லை. கடல் காற்று அடங்கி, செம்பனைக்குப் பின்னால் வெளிச்சம் குறைகிற வரைக்கும் போனது. அடுத்த நாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும்.

அந்த வாரக் கடைசியில் அம்மா வந்துவிட்டாள்.

கடையிலிருந்து சீக்கிரம் திரும்பியவள், வீட்டில் யாரும் இல்லாததைப் பார்த்துத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் திடலுக்குள் கால் வைத்த நேரம், நேசன் அண்ணனின் கால்களைக் கட்டிப் பிடித்து விழுந்துகொண்டிருந்தான். எழுந்து பார்த்தால் அம்மா நிற்கிறாள்.

"எனக்கு என்னாடா சொன்ன நீ?"

நேசன் புல்லைத் தட்டிவிட்டபடி நின்றான்.

"அம்மா, நான் இத்தன வருசமா கீழ போகாதது சொன்ன சொல்லுக்காக இல்லமா. பயந்துக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான். நீங்க கேக்காட்டியும் நான் கீழ போயிருக்க மாட்டேன்."

"பயம் இருந்தா நல்லதுதானேடா."

"இல்லமா. மேல மோதுறப்ப தலயும் தலயும்தான் மோதுது. அதுக்குத்தான் இப்ப சட்டத்தையே மாத்துறாங்க. நான் மேல போறதுனால எனக்கும் ஆபத்து, வர்றவனுக்கும் ஆபத்து. அவனுக்கும் அம்மா இருப்பாங்கல்ல?"

அந்தக் கடைசி வார்த்தையை அவன் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் முகம் மாறியது. பிரமிளா மெல்ல முன்னால் வந்தாள்.

"அத்த, ஒரு தடவ பாருங்க. தல எங்க போவுதுன்னு மட்டும் பாருங்க. புடிக்கலன்னா நாங்க நிறுத்திடுறோம்."

சரண் பெருமூச்சு விட்டுக்கொண்டே மறுபடி ஓடத் தயாரானான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். "நீலம்!" தோள் தொடையில் விழுந்தது, தலை பின்னால் பத்திரமாக ஒதுங்கியது, சரண் சாய்ந்தான். அம்மா இன்னொரு தடவை என்று கையால் காட்டினாள். அதையும் பார்த்தாள்.

"வீட்டுல உக்காந்து நெனச்சிக்கிட்டு இருக்குறதுதான்டா எனக்கு உயிர் போவுது," என்றாள் கடைசியில். "அந்த ஆட்டத்துக்கு நானும் வர்றேன். என் கண்ணால பாக்குறேன்."

தேர்வு ஆட்டத்தன்று மதியமே வானம் கறுத்துக்கிடந்தது. முகாமில் இருந்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்திருந்தார்கள். எதிரணியில் அஃபிக் இருந்தான். போலீஸ் அணிக்கு ஆடுகிறவன். ஓட்டத்தில் அவனைப் பிடிக்க அந்த முகாமிலேயே ஆள் கிடையாது. அம்மா, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சரணுக்கும் பிரமிளாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை என்று சரண் அவனிடம் முன்பே சொல்லியிருந்தான்.

தொடக்கம் சரியாக அமையவில்லை. முதல் தடவை அஃபிக் அவனை நோக்கி வந்தபோது நேசன் தூரத்திலிருந்தே பாய்ந்துவிட்டான். கையில் காற்றுதான் அகப்பட்டது. அஃபிக் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தான். அடுத்து ஒரு பருத்த ஆள் நேரே மோதிக்கொண்டு வந்தான். நேசனின் கை பழக்கத்தில் மேலே போனது. பாதியில் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டான். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அந்த ஆள் அவனைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். கோட்டோரத்தில் யாரோ, "என்ன லோரி, டயர் பஞ்சரா?" என்று மலாயில் கத்த, சிலர் சிரித்தார்கள். கோச் ஹஸ்னான் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் நேசனுக்கு அதிகமாக வலித்தது.

இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டே யோசித்தான். பழையபடி நிமிர்ந்து மோதினால் நாலு பேரையாவது தூக்கிப் போடலாம், கூட்டம் கைதட்டும், இந்த அவமானமாவது இருக்காது. அந்த எண்ணம் வந்தபோது அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதே அவனைப் பயமுறுத்தியது. கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பிரமிளா கூப்பிட்டாள்.

"தம்பி! தூரத்துலேந்து பாயாதீங்க! கிட்டப் போங்க, காலு கிட்டப் போங்க!"

மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் அஃபிக் கையில் மறுபடி பந்து வந்தது. ஒரு தடவை ஏமாற்றியாகிவிட்டது, இனியும் ஏமாற்றலாம் என்ற தைரியத்தில் நேசனை நோக்கியே ஓடி வந்து, இடப்பக்கமாக வெட்டினான். அதே பக்கம்.

நேசன் பாயவில்லை. இன்னும் இரண்டு எட்டு வைத்துக் கிட்டப் போனான். ஈரத்தில் ஒட்டிப்போயிருந்த காற்சட்டையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அதில் சேறு தெறித்திருந்தது கூடத் தெரிந்தது.

"வெள்ள!" என்று கத்தினான். இடது தோள் தொடையில் இறங்கியது. கைகள் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டின. அஃபிக் வெட்டிய வாழை மாதிரி சாய்ந்தான். நேசனின் தலை அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது, ஒன்றும் படவில்லை. நேசன் துள்ளி எழுந்து, கீழே கிடந்தவனின் கையிலிருந்த பந்தைப் பிடுங்கித் தன் ஆளிடம் கொடுத்தான்.

"என்ன கத்தினே நீ?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தான் அஃபிக்.

"உன் சிலுவார் கலர்," என்றான் நேசன். அஃபிக் தன் காற்சட்டையைக் குனிந்து பார்த்தான்.

அதற்குப் பிறகு உடம்பு தானாகவே கேட்டது. வலப்பக்கம் வந்தவனை வலது தோளால், இடப்பக்கம் வந்தவனை இடது தோளால். ஹாரன் சத்தம் இல்லை. தாழப் பிடிப்பதற்கு யாரும் கைதட்டுவதில்லை. ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான். முதல் பாதியில் அவனைத் தட்டிவிட்டுப் போன பருத்த ஆளும் விழுந்தான். அந்தத் தடவை மட்டும், விழுகிற வேகத்தில் அவனுடைய முட்டி நேசனின் தோள்மேட்டில் ஓங்கி இடித்தது. நேசன் சேற்றில் குப்புறக் கிடந்தான்.

அம்மா எழுந்துவிட்டாள். பிள்ளை பிரமிளாவின் கைக்கு மாறியது. கோட்டைத் தாண்டி ஒரு கால் உள்ளே வந்துவிட்டது. நேசன் கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். வலித்தது, வெறும் வலிதான். வானம் இருந்த இடத்தில் இருந்தது, மழை மழையாகவே பெய்தது. அம்மாவைப் பார்த்துத் தோளைத் தொட்டு, தலையைத் தொட்டு, 'தலையில் இல்லை' என்று கையை ஆட்டிக் காட்டிவிட்டு எழுந்து ஓடினான். இவ்வளவு வருடம் எதற்குப் பயந்தானோ, அது வந்து இடித்துவிட்டும் போய்விட்டது. நெஞ்சுக்குள் இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து, மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

அவனுடைய அணி தோற்றது. ஆட்டம் முடிந்து எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது கோச் ஹஸ்னான் குடையைப் பிடித்துக்கொண்டு அவனிடம் வந்தார்.

"பாஸ்போர்ட் இருக்கா?"

"ம்?"

"பாஸ்போர்ட். அடுத்த மாசம் பேங்காக். இருக்கா இல்லையா?"

நேசன் இதுவரை சிங்கப்பூருக்குக்கூடப் போனதில்லை. "இல்லை, கோச்."

"திங்கட்கிழமையே போய் எடு. எடுத்துட்டு எனக்குப் படம் அனுப்பு." இரண்டு அடி போனவர் திரும்பினார். "முதல் பாதியில் நீ பழையபடி மேலே போயிடுவேன்னு நினைச்சேன். போகலை. அதுதான் எனக்கு வேணும்."

கார் நிறுத்துமிடத்தில் நால்வரும் காத்திருந்தார்கள். அம்மா, துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். துவட்டுகிற சாக்கில் மண்டை முழுவதையும் விரல்களால் தடவிப் பார்த்தாள்.

"என்னாடா சொன்னாரு அந்த ஆளு?"

"பாஸ்போர்ட் இருக்கான்னு கேட்டாருமா."

"அது எதுக்காம் அவருக்கு?"

பிரமிளாதான் முதலில் புரிந்துகொண்டாள். அவள் போட்ட கூச்சலில் பிள்ளை மிரண்டு அழ ஆரம்பித்தது. சரண் நேசனைத் தூக்கப் பார்த்து, முடியாமல், அவன் முதுகில் ஓங்கி இரண்டு அறை வைத்தான். நாட்டு அணியில் எடுத்துவிட்டார்கள் என்பதை அம்மாவுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. விளங்கியதும் அவள் ஈரத் தரையிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள்.

"எனக்குப் பசிக்குதுடா," என்றாள். "கண்ணு இருட்டுது. முதல்ல எங்கியாவது போயி சோறு வாங்கிக் குடு."

ஜெராமுக்குப் போனார்கள். மழை விட்டு, கடலோரக் கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். அம்மா தான் வேலை செய்யும் கடைக்குப் போகக் கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லி, பக்கத்துக் கடையில் போய் உட்கார்ந்தாள். சுட்ட திருக்கை, சம்பல், கங்கோங் கீரை, முட்டை என்று ஒருவரையும் கேட்காமல் தானே சொன்னாள். தட்டு வந்ததும் தலை குனிந்து சாப்பிட்டாள். இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ஏன்டா, அந்த பேங்காக்குல ரொம்ப குளிருமா? ஸ்வெட்டர் எதும் வாங்கணுமா?"

"பேங்காக்குல ஏதுமா குளிரு? இங்க மாதிரியே வேகும்."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அம்மா, மீனின் நடுத்துண்டைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தாள்.